மூத்தவளின் கார்புரேட்டர்

எனக்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. நாலு கதவு, நாலு சிலிண்டர், பின்பக்கம் துருப்பிடித்த பம்பர். அவரும் என் அண்ணனும் கூட்டாக வாங்கிய பழைய கார் அது. எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்ற அவளைப் பழுது பார்க்க வந்தவர், போகிற போக்கில் என்னையும் பார்த்துவிட்டார். அதனால் எங்கள் குடும்பத்தில் காருக்கு மூத்தவள் என்று பெயர். நான் இளையவள். பதினாறு வருடமாக மூத்தவளுக்கு அவர்கள் ஒரு குறையும் வைத்ததில்லை. அவள்தான் பதிலுக்கு ஒன்றும் செய்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு ஒருமுறை ஓடினாள். அன்றைக்கும் கடைசித் தெருவில் நின்றுவிட்டாள். மாப்பிள்ளை இறங்கி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ளினார். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதே விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

நான் தையற்காரி. புதுத் துணி தைப்பதைவிட, தைத்ததைப் பிரித்து அளவு மாற்றிக் கொடுப்பதுதான் எனக்கு அதிகம் வரும் வேலை. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் குறுக்கே ஒரு திரை தொங்கும். இந்தப் பக்கம் என் மிஷின், வெட்டும் மேசை, ஊசி டப்பா, பொத்தான் டப்பா. அந்தப் பக்கம் மூத்தவள். என் பக்கம் கிரீஸ் வரக் கூடாது, அவர்கள் பக்கம் நூல் போகக் கூடாது என்பது சட்டம். இரண்டும் ஒருநாள்கூட நடந்ததில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் சண்டை வந்தது. இன்ஜினின் மேல்மூடி, அவர்கள் பாஷையில் ஹெட், லேசாக வளைந்திருந்தது. அதை லேத் பட்டறையில் கொடுத்து அடிப்பக்கத்தைச் சமமாகத் தேய்த்து வாங்கி வருவதாகப் பேச்சு. என் வீட்டுக்காரர் கொண்டுபோனவர், யாரையும் கேட்காமல் ஒரு முழு மில்லிமீட்டர் தேய்க்கச் சொல்லிவிட்டார். அப்படிச் செய்தால் உள்ளே அழுத்தம் கூடுமாம், வண்டி இழுவை கூடுமாம்.

"தேய்ச்சிட்டு வாடான்னா செதுக்கிட்டு வந்திருக்கான்!" என்று அண்ணன் குதித்தான். "பாதி ஹெட் என்னுது. என்னுதுல ஏன் கை வைக்கணும்?"

"பாதியை மட்டும் தேய்க்காம விடச் சொல்றியா?" என்று இவர் கேட்டார்.

அதோடு பேச்சு நின்றது. ஒரு மில்லிமீட்டர். என் கை நகத்தைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். நான் ஒரு பாவாடை இடுப்பில் அதைவிட அதிகமாகத் தப்பு செய்துவிட்டு, சிரித்துச் சமாளித்திருக்கிறேன்.

பேச்சுதான் நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மதியம்தான் வேலைக்குப் போவார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் நாலரைக்கு வந்துவிடுவான். காலையில் அவர் மூத்தவளோடு, சாயங்காலம் இவன் மூத்தவளோடு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே குடும்பம் நடந்தது. நடுவில் தபால்காரி நான்.

"உன் அண்ணன்கிட்ட சொல்லு, ரெண்டாவது பிளக் மாத்தியாச்சு. அந்த முட்டாள் மறுபடி கழட்டப் போறான்."

"உன் புருஷன்கிட்ட சொல்லு, ஃபேன் பெல்ட் தொளதொளன்னு இருக்கு. அவன் மூளை மாதிரி."

நான் வசவை வெட்டி எறிந்துவிட்டு, விஷயத்தை மட்டும் மடித்துக் கொடுப்பேன். இப்படியே ஐந்து மாதம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஐந்து மாதமும் மூத்தவள் சுமாராக ஓடினாள். கொட்டகையிலிருந்து தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியும் வந்தாள்.

பிறகு ஒருநாள், ஒரு காதில் ஃபேன் பெல்ட்டும் இன்னொரு காதில் பிளக்குமாகக் கேட்டுக்கொண்டே ஒரு கோட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். வாடிக்கையாளர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்ற கோலத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது. அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அன்றே இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்: "இனிமே எனக்கும் உங்க இன்ஜினுக்கும் சம்பந்தம் இல்ல. சொல்றதுன்னா நேர்ல சொல்லிக்குங்க. நான் ஒண்ணும் தபாலாபீஸ் நடத்தல."

இரண்டு பேரும் சரி என்று தலையாட்டினார்கள். நேரில் சொல்லிக்கொள்ளவும் இல்லை. மூத்தவளின் உடம்பு மோசமானது அதற்குப் பிறகுதான்.

இந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு வேலை மாற்றல் வந்தது. இரண்டு நாள் ரயில் தூரம், மூன்று வருடம். அண்ணி பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக முன்னாலேயே போய்விட்டாள். அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரயில். இந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். இப்போது பேசாமல் பிரிந்தால் மூன்று வருடம் பேசமாட்டார்கள். மூன்று வருடம் பேசாதவர்கள் அப்புறம் எதற்குப் பேச வேண்டும்? என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே டம்ளரில் தேநீர் குடித்த இரண்டு பேர், நாளைக்கு யார் வீட்டு விசேஷத்திலோ எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மூத்தவளின் முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், நான் பின்சீட்டில் மூட்டை முடிச்சோடு போக வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஆனால் மூத்தவள் ஓட வேண்டுமே. காலையில் என் வீட்டுக்காரர் ஸ்டார்ட் செய்வார். அவர் நிதானக்காரர், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சும்மா ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். அவள் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துவிடுவாள். சாயங்காலம் அண்ணன் வருவான். அவனுக்கு எதிலும் பொறுமை கிடையாது. ஏறி உட்கார்ந்ததும் ஒரே மிதி. அவள் கரும்புகையைக் கக்கிக்கொண்டு அலறுவாள். புகை திரையையும் தாண்டி வந்து என் வெள்ளைத் துணிகளில் படியும். நான் திட்டுவேன். அவன் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வான்.

புதன்கிழமை ஒரு மெல்லிய துணிக்கு ஊசி தேடினேன். டப்பாவில் மெல்லிய ஊசிகள் எல்லாம் இருந்தன, எண்ணெய்ப் பிசுக்கோடு. தடித்த ஊசிகளைத்தான் காணோம். போர்வை தைக்கிற ஊசி இல்லை. மெத்தை தைக்கிற ஊசி இல்லை. சாக்குத் தைக்கிற கோணி ஊசியையே காணவில்லை. பொத்தான் டப்பாவைத் திறந்தால் அங்கேயும் அதே கதை. சட்டைப் பொத்தான்கள் கிரீஸ் கறையோடு கிடந்தன. கோட்டுப் பொத்தான் நாலு குறைந்தது.

திரையை விலக்கிக்கொண்டு போனேன். வலது பக்கப் பலகையில் என் வீட்டுக்காரரின் தட்டு. அதில் ஒரு தக்கை. தக்கையில் என் ஊசிகள், சின்னதிலிருந்து பெரிசாக வரிசையாய்க் குத்தியிருந்தன. பக்கத்தில் துளை போடுகிற கைத்துரப்பணம். இடது பக்கம் அண்ணனின் தட்டு. அதில் கம்பியில் கோத்த என் கோட்டுப் பொத்தான்கள், நாலு அடுக்கு. இரண்டு பேரும் எதையோ என் சாமான்களை வைத்து அளக்கிறார்கள். அளவு ஏறிக்கொண்டே போகிறது. அளவு ஏறினால் ஏதோ ஒன்று எங்கேயோ தப்பு என்பது எந்தத் தையற்காரிக்கும் தெரியும்.

தக்கையையும் பொத்தான்களையும் பையில் போட்டுக்கொண்டு கார்புரேட்டர் டாக்டரிடம் போனேன். ஊரில் அவருக்கு அதுதான் பெயர். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். மாத்திரை டப்பாக்களில் பித்தளைத் திருகாணிகள். வண்டி எது என்று கேட்டார். சொன்னேன். ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோணி ஊசி வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"பெட்ரோல் வர்ற ஜெட்டை இந்த அளவுக்குத் துளைச்சிருக்காங்களா? இதுல எலி குடும்பம் நடத்தலாமேம்மா."

"பொத்தான்?"

"உள்ள ஒரு மிதவை இருக்கும். மூடிக்கும் அதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய இதை வெச்சு அளந்திருக்காங்க. இடைவெளி கூடினா தொட்டியில பெட்ரோல் மட்டம் கொறையும்." பொத்தான் அடுக்கைக் கையில் வைத்துப் பார்த்தார். "ஒரு கை குழாயைப் பெரிசாக்கிக்கிட்டே போகுது. இன்னொரு கை தொட்டியை வத்தவெச்சுக்கிட்டே போகுது. ரெண்டும் ஒரே ஆளா?"

"ரெண்டு பேர்."

"பேசிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப சும்மா விட்டா பெட்ரோல் பத்தாம அணையும். மிதிச்சா பெட்ரோல் தாங்காம புகையும். ரெண்டு பேர் பாக்கறதும் சரிதான்," என்றார் டாக்டர். புது ஜெட் ஒன்றை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு நீட்டினார். "மிதவைக்கு மூணு சட்டைப் பொத்தான் போதும். ஆனா இதை மாத்தி என்ன பிரயோஜனம்? வர்ற வாரம் மறுபடி கோணி ஊசி எடுப்பாங்க."

வழியெல்லாம் எனக்கு மனசு சரியில்லை. காலையில் அவர் துளையைப் பெரிதாக்குகிறார். சாயங்காலம் இவன் மட்டத்தைக் குறைக்கிறான். மறுநாள் அவர் மறுபடி. ஒருத்தி இடுப்பைப் பிடித்துத் தைக்க, இன்னொருத்தி அதே துணியின் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டே இருந்த கதை. "ஜெட்டைக் கொஞ்சம் பெரிசு பண்ணிருக்கேன்னு சொல்லு" என்று ஒரு வார்த்தை என் வழியாகப் போயிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். தபாலை நிறுத்தியது நான். நிறுத்தியதில் எனக்கு நியாயம் இருந்தது. ஆனாலும் குற்றவுணர்ச்சி குடைந்தது. இதில் என்ன ஒளிவு?

வீட்டுக்கு வந்ததும் பானட்டைத் திறந்தேன். பதினாறு வருடம் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவளுக்கு நாலு நட்டு கழற்றத் தெரியாதா? கார்புரேட்டரை அப்படியே தூக்கி மிஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை கொட்டகையிலிருந்து ஒரு அலறல்.

"உன் அண்ணன் திருடன்! கார்புரேட்டரைக் கழட்டிட்டுப் போயிட்டான்!"

நான் காஜா எடுத்தபடியே அவருக்குப் பதில் சொன்னேன். சாயங்காலம் இன்னொரு அலறல்.

"உன் புருஷன் வித்துட்டான் பாத்தியா! நான் ஊருக்குப் போற வரைக்கும் பொறுக்கலையா அவனுக்கு?"

காலையில் அவரிடம் சொன்னதையே அவனிடமும் சொன்னேன்: "என்கிட்டதான் இருக்கு. சனிக்கிழமை பத்து மணி. ரெண்டு பேரும் வந்தா தருவேன். ஒருத்தர் வந்தா தரமாட்டேன்."

வெள்ளிக்கிழமை முழுக்க இரண்டு பேரும் தனித்தனியாக என்னைத் தாஜா செய்து பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் என் பழைய கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வந்தார். அண்ணன் மிஷினின் மிதிகட்டைக்கு எண்ணெய் போட்டான். இரண்டையும் வாங்கிக்கொண்டேன். சாவியைத் தரவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்து மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றார்கள். என் வீட்டுக்காரர் தையல் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் அண்ணனை உக்காரச் சொல்லு," என்றார்.

"அவன் உக்காந்தா நானும் உக்காருவேன்னு சொல்லு," என்றான்.

நான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளைத் துணி விரித்து நடுவில் கார்புரேட்டரை வைத்தேன். வலது பக்கம் ஊசிகளைச் சின்னதிலிருந்து பெரிசாக அடுக்கினேன். இடது பக்கம் பொத்தான்களைச் சட்டையிலிருந்து கோட்டு வரைக்கும் அடுக்கினேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன், எலிக் குடும்பம் உட்பட.

என் வீட்டுக்காரர் குனிந்து பொத்தான்களை எண்ணினார். அண்ணன் கோணி ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இரண்டு பேர் முகமும் சிவந்துகொண்டே வந்தது. இப்போது ஒருவன் மன்னிப்புக் கேட்பான், இன்னொருவன் கட்டிப்பிடிப்பான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்தான்.

"மச்சான், எல்லாம் இவளாலதான்."

"அதான் நானும் நெனச்சேன் மச்சான்," என்றார் என் வீட்டுக்காரர். "ஒழுங்கா போய்க்கிட்டிருந்த தபாலை நிறுத்தினா வேற என்ன ஆகும்?"

"கேட்டா கோட்டுக் கை கோணலாப் போச்சாம்."

"ஒரு கை. ஒரே ஒரு கை, மச்சான். அதுக்குப் போய் ரெண்டு மாசம்!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்திருப்பேன். எடுக்கவில்லை. அந்த மச்சான் என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டினேன். இரண்டு பேரும் ஒற்றுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் வேலை நடந்தது. புது ஜெட்டை மாட்டினார்கள். மிதவைக்கு மூன்று சட்டைப் பொத்தான் வைத்து அளந்தார்கள். கார்புரேட்டரை ஏற்றி, நட்டு முடுக்கி, அண்ணன் உள்ளே ஏறி உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் திருகாணியில் கை வைத்துக் காதைச் சாய்த்தார். அவள் ஒரு தடவை இருமினாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"மிதி," என்றார். அவன் மிதித்தான்.

"விடு." விட்டான்.

"மெதுவாடா. லிஃப்டா ஓட்டற?"

மிதித்தாலும் புகையவில்லை, விட்டாலும் அணையவில்லை. மதியம் வரைக்கும் மிதி, விடு, மிதி, விடு. எனக்குத் தலைவலி வந்துவிட்டது. போய் நிறுத்தச் சொல்லலாம் என்று இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் நினைத்தபடியே நடந்தது. அவர்கள் முன்னால், நான் பின்னால், என் மடியில் அண்ணனின் பெட்டி. ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு மேம்பாலம் உண்டு. இத்தனை வருடத்தில் மூத்தவள் அதன் பாதி உயரத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்கு மூன்று பேரையும் நாலு பெட்டிகளையும் சுமந்துகொண்டு, கியர்கூட மாற்றவிடாமல் உச்சிக்கு ஏறினாள்.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்த ஒரு மில்லிமீட்டர் பரவால்ல," என்றான்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல, ரோட்டைப் பாத்து ஓட்டு."

அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. பின்கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

ரயிலில் இடம் பிடித்து, பெட்டிகளை மேலே தள்ளிவிட்டு, அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் கீழே நின்றோம். என் வீட்டுக்காரர் என் முழங்கை இடிக்கிற தூரத்தில்தான் நின்றார். விசில் ஊதினார்கள். அண்ணன் அவரைப் பார்க்க முடியாமல் என்னைப் பார்த்தான்.

"உன் புருஷன்கிட்ட சொல்லு," என்றான். குரல் உடைந்திருந்தது. "நான் திரும்பி வர்ற வரைக்கும் கார்புரேட்டர்ல கை வைக்கக் கூடாது."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "உன் அண்ணன்கிட்ட சொல்லு. அவன் இல்லாம நான் அதைத் தொடவே மாட்டேன்."

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேர் காதையும் திருகியிருப்பேன். அன்றைக்கு அவரிடம் திரும்பி அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அண்ணனிடம் திரும்பி அவர் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல்லையும் வெட்டவில்லை. ரயில் நகர்ந்து கை எட்டாத தூரம் போகும் வரைக்கும் அவர் கம்பியை விடாமல் கூடவே நடந்தார்.

வெளியே வந்து காரில் ஏறினோம். அவர் சாவியைத் திருப்பினார். மூத்தவள் இருமினாள். மறுபடி திருப்பினார். மறுபடி இருமல்.

"என்னங்க ஆச்சு?"

"கார்புரேட்டர்ல தூசி அடைச்சிருக்கும். திறந்து ஊதினா போதும். ரெண்டு நிமிஷ வேலை."

"ஊதுங்களேன்."

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"இப்பதானே சொல்லி அனுப்பினேன்," என்றார்.

நான் இறங்கினேன். செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் போய், துருப்பிடித்த பம்பரில் கை வைத்துத் தள்ள ஆரம்பித்தேன்.